அக்காவுக்கு நான்தான் வாய்

என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அவளுடைய பங்குப் பேச்சையும் சேர்த்து நான் பேசித் தீர்க்கிறேன் என்று அண்ணன் சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். நானும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் எப்போதோ மூட்டை கட்டி அனுப்பியிருப்பான்.

அக்கா மூத்தவள், நடுவில் அண்ணன், கடைசியில் நான். அண்ணன் கல்யாணமானதும் தனியாகப் போய்விட்டான். அக்காவுக்கு வரன் வரவே இல்லை. எனக்கு வந்த ஒன்றிரண்டு பேரும், அக்காவும் என்னோடுதான் இருப்பாள் என்று நான் சொன்ன உடனே, செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. இருந்தது, தேய்ந்துபோய்விட்டது.

வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள். நாங்கள் தைப்பது திரைச்சீலை மட்டும்தான். நான் நாடாவும் மடக்கு ஏணியுமாக வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வருவேன். வெட்டுவது நான், தைப்பது அக்கா. கனத்த துணிக்கு உள்துணி வைத்து, மேல் விளிம்பில் மடிப்புப் பட்டை போட்டு, காற்றில் பறக்காமலிருக்கக் கீழ்மடிப்புக்குள் ஈயச் சங்கிலி கோத்து அவள் முடித்துக் கொடுத்தால், திரை மாட்டிய அன்றே நேராக விழும். நான் தைத்தது ஒரு வாரம் மடிப்பு விழாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அவளுடைய மெஷின் சுவரைப் பார்த்து இருந்தது. வெளிச்சம் இடது தோளுக்கு மேல் விழட்டும் என்று நான்தான் அப்படிப் போட்டேன்.

ஊரில் பாதி ஜன்னல்களில் அக்காவின் கைவேலைதான் தொங்குகிறது. தொங்குவதை அவள் பார்த்ததில்லை. கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஏணி ஒரு கையில், துணி மூட்டை ஒரு கையில், அவளை எந்தக் கையில் பிடிப்பது?

அவளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளி தூரத்தில் இருந்தது, அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். அம்மாவுக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக அவளுக்கு நான் கிடைத்தேன். சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு நாங்களே ஒரு பாஷையை உண்டாக்கினோம். முழங்காலைத் தேய்த்தால் அம்மா, அவளுக்கு மூட்டுவலி. காதைப் பிடித்து இழுத்தால் அண்ணன், பள்ளிக்கூடத்தில் அவன் காது அவ்வளவு பாடுபட்டது. விரல்களைக் கோழி அலகு மாதிரித் திறந்து திறந்து மூடினால் நான். இரண்டு கையாலும் காற்றில் ஒரு சதுரம் போட்டால் ஜன்னல். வெளியே, தெரு, ஊர் எல்லாவற்றுக்கும் அதுவேதான். பசிக்கிறதா என்று கேட்பதற்கு என் வயிற்றைத் தொட்டு நானே தலையாட்டுவேன். அவள் பதில் சொல்வதற்குள் தட்டைப் போட்டிருப்பேன். அவ்வளவு தூரம் அவள் மனசு எனக்கு அத்துப்படி. நான் அவளுக்குத் தங்கையா, அம்மாவா என்று பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அம்மா போன பிறகுதான் பிரச்சினை கிளம்பியது. காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிய கையோடு அண்ணன் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். வீட்டின் கூரை ஒழுகுகிறது, சுவர் ஊறிவிட்டது, யார் தலையிலாவது விழுவதற்கு முன்னால் விற்றுவிடலாம் என்றான். அக்காவுக்கு ஓர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறானாம். நகரத்தைத் தாண்டி, மரமெல்லாம் இருக்கிற இடமாம். நான் ஒண்டிக்கட்டை, ஒரு சின்ன அறை போதுமாம். பக்கத்தில் அண்ணி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அந்தத் தலைக்குள்ளிருந்துதான் யோசனை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அக்காவிடம் கேட்டாயா என்றேன்.

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றான். "அவளுக்காக நாமதானே யோசிக்கணும்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அன்றைக்கு நான் பேசியதை எழுதினால் அச்சடிக்கிறவர் கூசுவார். அக்கா மெஷினிலிருந்து திரும்பி எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, தை என்று கையைக் காட்டினேன்.

அண்ணன் விடவில்லை. நான் ஒரு விடுதியின் மாடி ஜன்னல்களை அளக்கப் போயிருந்த நாளாகப் பார்த்து வந்து, அக்காவைத் தன் வண்டியில் ஏற்றி அந்த இல்லத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு, சாயந்திரம் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். திருட்டுத்தனத்தைத் தவிர இதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். சதுரம் போட்டாள், காதை இழுத்தாள், மறுபடி சதுரம் போட்டாள். பிறகு அவள் கைகள் நான் பார்த்தே இராத வடிவங்களைப் போட்டன. விரல்கள் பின்னிக்கொண்டன, பிரிந்தன, நெற்றியிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு வந்தன. மூச்சு வாங்கியது.

பயந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. என்னை அங்கே அனுப்பிவிடாதே என்று கெஞ்சுகிறாள். அவளைக் கட்டிக்கொண்டேன். கதவைப் பூட்டி, சாவியைக் காட்டி, அதை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். நான் இருக்கிறேன், பயப்படாதே என்று அலகைத் திறந்து மூடினேன். அவள் என் தோளில் முகத்தை வைத்து வெகுநேரம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதற்குப் பிறகு பல நாள் அவள் வேலையில் மனசு ஒட்டவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, மடியில் கைகளை வைத்து அந்த வடிவங்களைத் தனக்குத்தானே போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன பாடுபடுத்தியிருக்கிறான் பார் என்று அண்ணனைத் திட்டிக்கொண்டே அவள் கைகளைப் பிடித்து மெஷினில் எடுத்து வைப்பேன்.

சட்டம் என்று ஒன்று இருப்பது எனக்கு ஏணிமேல் நிற்கும்போதுதான் தெரியவந்தது. ஒரு வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். வாயில் ஊசிகளை வைத்துக்கொண்டே என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏணியிலிருந்து இறங்கச் சொன்னார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்திருக்கிறது, ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவரை வீட்டைவிட்டு எந்த இல்லத்துக்கும் கொண்டுபோக முடியாது, அண்ணனாக இருந்தாலும் சரி, அப்பாவாக இருந்தாலும் சரி என்றார். சொத்திலும் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லை நகர்த்த முடியாதாம். மெலிதான ஒரு புத்தகத்தையும் கையில் கொடுத்தார்.

அந்தப் புத்தகம் அன்றிலிருந்து என் நாடாப் பையில் இருந்தது. பஸ்ஸில் படித்தேன், ஏணியில் படித்தேன். யாரோ முகம் தெரியாதவர்கள் எங்கோ உட்கார்ந்து, எனக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது. அண்ணன் வீட்டுக்குப் போய், அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தைப் பிரித்து வைத்து உரக்கப் படித்தேன். ஒவ்வொருவருக்கும் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் உரிமை உண்டு. அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் சொல்லக் கூடாது. கடைசி வரி புத்தகத்தில் இல்லை, நான் சேர்த்தது. அவன் கையைக் கழுவிவிட்டு, அந்தச் சட்டத்துக்கான அதிகாரியிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னான். சரியென்று நானே புகார் கொடுத்தேன். அவனும் தன் பங்குக்கு ஒரு மனு போட்டான்.

விசாரணை அலுவலகம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒருவரை விசாரிக்க அதிகாரியே கீழே இறங்கி வந்து, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், ஒரு மோட்டார் சைக்கிளின் சீட்டில் காகிதங்களை வைத்துக்கொண்டு நின்றார். மாடியில் இதைவிட மோசம். பியூன் வாசலில் நின்று தொண்டை கிழியப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. பக்கத்தில் இருப்பவர்கள் தொடையைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். நான் அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ப் பெஞ்சில் இரண்டு பெண்கள் கையாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களைத்தான் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

அதிகாரி என் வயதுப் பெண்மணி. கண்ணுக்குக் கீழே கருவளையம், மேஜையில் ஆறிப்போன டீ. நான் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்றுகொண்டு, கேளுங்கள், அவள் சொல்வதை நான் சொல்கிறேன் என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டினார், ஆமாம் என்று அல்ல. சொந்தக்காரர்கள் மொழிபெயர்க்கக் கூடாதாம். அதுவும் சட்டத்தில் இருக்கிறதாம். அதற்கென்று அரசாங்கம் ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தது. அந்தப் பெண் அழகாகக் கையை ஆட்டினாள். அக்கா ஆசையோடு பார்த்தாள், ஒன்றும் விளங்கவில்லை. அவளும் பதிலுக்கு முழங்காலைத் தேய்த்து, சதுரம் போட்டு, அலகைத் திறந்து மூடினாள். அந்தப் பெண் அதிகாரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். வெளியே சாதுவாக, நான் வேண்டுமானால் சொல்லட்டுமா என்று கேட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன்கூட, தங்கையைவிட்டால் வேறு ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டான். அதிகாரி எழுதிக்கொண்டே நிமிராமல் சொன்னார்.

"உங்க அக்கா என்ன நினைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியணும். நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு ஏற்கெனவே தெரியும்."

அடுத்த தவணைக்கு வேறொருவரை வரவழைப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆமாம், சொந்தக்காரர்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்று இருந்தது. எனக்கு வேண்டிய பக்கங்களின் முனையை மடித்துவைத்திருந்தேன், அந்தப் பக்கத்தை மடிக்கவில்லை.

அடுத்த தவணைக்கு வந்த மனிதருக்கும் காது கேட்காது. பள்ளிக்கூடம் போகாதவர்களோடு, அவரவர் வீட்டுச் சைகையில் பேசிப் புரிந்துகொள்வதே அவருக்குத் தொழில். அவர் அக்காவிடம் பேசி, அந்த அரசாங்கப் பெண்ணுக்குக் கையால் சொல்வார், அவள் அதிகாரிக்கு வாயால் சொல்வாள். ஒரு வாளித் தண்ணீரை மூன்று பேர் கைமாற்றுகிற ஏற்பாடு. அவருக்கு நான் கைக்காரர் என்று பெயர் வைத்தேன். நரைத்த மீசை, நீளமான விரல்கள், பார்வை ஆளைத் துளைக்கும். விசாரணைக்கு முன்னால் எங்கள் பாஷையை என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். முழங்கால், காது, அலகு, சதுரம். மழை, மருந்து, கத்தரிக்கோல். கைக்காரர் ஒரு தரம் பார்த்தால் போதும், என்னைவிட நன்றாகச் செய்தார். அலகைச் செய்துகாட்டி, என்னைச் சுட்டிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துக்கூடப் போயிற்று. பிறகு அவர் ஒன்று கேட்டார், அந்தப் பெண் எனக்குச் சொன்னாள்.

"வேணும்ங்கிறதுக்கு உங்க வீட்டுல என்ன சைகை?"

நான் கையைத் தூக்கினேன். கை அப்படியே நின்றது. தண்ணீருக்கு இருந்தது, தூக்கத்துக்கு இருந்தது, வலிக்கு இருந்தது. வேண்டும் என்பதற்கு யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

"அப்படி ஒண்ணு தேவைப்படலை. அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அந்தப் பெண் அதைக் கையால் சொன்னாள். கைக்காரர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய், அக்காவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். அந்தப் பெண்ணும் அதிகாரியும் உள்ளே. அண்ணனும் நானும் வெளியே.

அந்த அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் ஒரே ஒரு பெஞ்ச். அவனும் நானும் சின்ன வயதில் தண்டனைக்கு நிற்கிற மாதிரி அதில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் அந்தச் சட்டத்தைப் பற்றிய ஒரு பெரிய படம். அதில் ஊன்றுகோல் வைத்த ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் டீ வாங்கிவந்து கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். சண்டை வேறு, டீ வேறு. எவ்வளவு நேரம் கேட்பார்கள் என்றான். அவளுக்குச் சொல்ல என்ன இருக்கப்போகிறது, வீடு, மெஷின், நான், அவ்வளவுதானே என்றேன். அவன் கப்பைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கு அங்க கூட்டிட்டுப் போனேன்ல," என்றான். "திரும்ப வண்டியில ஏறவே மாட்டேன்னுட்டா. அதை உங்கிட்ட சொல்லலை."

"பயத்துல கை கால் ஓடாம நின்னிருப்பா."

"இருக்கும்" என்றான். "எனக்கு அவ பேச்சு தெரியாதே."

வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி, தரையில் நகர்ந்து, எதிர்ச்சுவரில் ஏறியது. அந்த ஜன்னலுக்குத் திரை இல்லை. நான் மனசுக்குள் அதை அளந்துகொண்டிருந்தேன். உள்ளே எப்போதாவது அந்தப் பெண்ணின் முணுமுணுப்பு, மற்றபடி ஒரு சத்தமும் இல்லை. அக்கா பேசினால் சத்தம் வராது என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. கதவைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்ததும் அக்காவைத்தான் பார்த்தேன். முகமெல்லாம் வேர்த்து, தலை கலைந்து, கண்கள் பளபளவென்று இருந்தன. அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் ஒரு கையை எனக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் கைக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதிகாரி எங்களை உள்ளே உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். இல்லத்தின் படங்கள், எங்கள் வீட்டின் படங்கள், பொம்மைகள், நடிப்பு என்று எல்லாவற்றையும் வைத்துப் பேசினார்களாம். முன்னும் பின்னுமாக, தலைகீழாக, மாற்றி மாற்றிக் கேட்டார்களாம். பதில் மாறவில்லையாம்.

"உங்க அக்கா அந்த இல்லத்துக்குப் போகணும்னு சொல்றாங்க. அங்க இருக்கிறவங்க கையால பேசறாங்களாம். அன்னிக்கு ஒரு அம்மா அவங்களுக்குச் சில சைகை சொல்லிக் கொடுத்திருக்காங்க. மறந்துடக் கூடாதுன்னு தினமும் செஞ்சு பார்த்தாங்களாம்."

அந்த வடிவங்கள். நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு வந்த கைகள். நான் பிடித்துப் பிடித்து மெஷினில் எடுத்து வைத்த கைகள்.

ஆனால் வீட்டை விற்க அக்கா சம்மதிக்கவில்லை என்று அதிகாரி அண்ணனைப் பார்த்துச் சொன்னார். தங்கை அங்கே இருக்கட்டும், மெஷினை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்றாளாம். அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். ஆக, அவன் தோற்றான், நானும் தோற்றேன். அந்த அறையில் ஜெயித்தது ஒருத்திதான், அவள் கைக்காரரின் சட்டைப் பொத்தானைச் சுட்டி அதற்குச் சைகை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன். யாரோ அவள் மனசைக் கலைத்துவிட்டார்கள், ஒரு நாள் பார்த்த இடத்தை நம்பி எப்படி அனுப்புவது, ராத்திரி அவளுக்குக் கால் இழுத்தால் யார் பிடித்துவிடுவது என்றெல்லாம் கேட்டேன். கடைசியில் அதுவும் என் வாயில் வந்தது.

"அவளுக்கு என்னங்க தெரியும்?"

அதிகாரி அண்ணனின் மனுவைக் கட்டிலிருந்து எடுத்து என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார். அதே வார்த்தைகள். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அதை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன், அவன் சிரித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நான் அக்காவோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது என்றால் எங்கள் விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. அவள் என் எதிரில் மண்டிபோட்டு என் கைகளைப் பிரிக்கப் பார்த்தாள். முழங்காலைத் தேய்த்தாள். அம்மா இல்லை என்கிறாளா, அம்மா மாதிரி நீயும் போய்விட்டால் என்கிறாளா, அம்மா வருத்தப்படுவாள் என்கிறாளா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எல்லாம் தெரிந்த மாதிரியே இத்தனை வருஷம் போயிருந்தது. நான் என்ன குறை வைத்தேன் என்று யாராவது சொல்லட்டும். அவள் பட்டினி கிடந்ததில்லை, கிழிசல் உடுத்தியதில்லை, அவளை ஒருவன் ஏறெடுத்துப் பார்க்க நான் விட்டதில்லை.

அவள் கிளம்பிய நாளில் அண்ணன் வண்டி கொண்டுவந்தான். மெஷினைக் கழற்றி, தலைப்பாகத்தைப் பழைய உள்துணியில் சுற்றிப் பின்னால் ஏற்றினோம். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகச் சதுரம் போட்டுக் காட்டினாள். சிரித்தாள். பிறகு அழுதாள். இரண்டும் ஒரே முகத்தில் நடந்தது. மெஷின் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, மெஷினின் உயரத்துக்கு ஓர் எண்ணெய்க் கறையோடு இருந்தது. இப்போது வெட்டுவதும் நான், தைப்பதும் நான். திரைகள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. சாப்பிடும்போது இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். பேசுவதற்கு ஆள் இல்லை. நான் இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தது காது கேட்காத ஒருத்தியோடு என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ரொம்ப நாள் வீம்பாக இருந்துவிட்டு, ஒரு விடுமுறையன்று பஸ் ஏறிப் போனேன். மரங்கள் இருந்தன, அண்ணன் பொய் சொல்லவில்லை. கட்டடம் பழையது, குழாயடியில் பாசி, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. பெரிய வசதி என்று ஒன்றுமில்லை. அக்காவின் மெஷினை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். கண் கூசும், வெளிச்சம் தப்பான பக்கம். ஜன்னலில் அவள் தைத்த திரை தொங்கியது. நேராக விழுந்திருந்தது.

சாப்பாட்டு அறையில் நீள மேஜை. உள்ளே நுழைந்ததும் எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவ்வளவு பேர், தட்டும் கரண்டியும் தவிர ஒரு சத்தமில்லை. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா. வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு, யாரையோ கேலி செய்துகொண்டு, கைகளை வீசி வீசிப் பேசினாள். எதிரில் இருந்தவள் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். அக்கா ஜோக் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். கட்டிக்கொண்டாள். அவள் மேல் வேறு சோப்பின் வாசனை. எனக்காகக் கைகளை மெதுவாக்கி, பழைய அலகு, பழைய காது, பழைய சதுரம் என்று ஒவ்வொன்றாக, குழந்தைக்குக் காட்டுகிற மாதிரிக் காட்டினாள். என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். மேஜையிலிருந்த ஒருத்தி என்னைச் சுட்டி ஏதோ கேட்டாள். அக்கா விறுவிறுவென்று பதில் சொன்னாள். எல்லாரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தாள்.

பரிமாறிக்கொண்டிருந்த பொறுப்பாளர் அம்மாவுக்குக் காது கேட்கும். அக்கா என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்டேன்.

"தங்கச்சின்னாங்க. ரொம்ப நல்லவளாம். காதெல்லாம் நல்லா கேக்குமாம்," என்றார். "பாவம், பேசத்தான் வராதுன்னாங்க."

அக்கா என் தோளைத் தட்டித் திருப்பினாள். தன் வயிற்றைத் தொட்டு, தானே தலையாட்டினாள். எனக்குப் பசி இல்லை, ஒரு வாய்கூட இறங்காது என்று இருந்தது. வேண்டாம் என்று நான் தலையை அசைப்பதற்குள் அவள் எனக்குத் தட்டைப் போட்டுவிட்டாள்.

சாப்பிட்டேன்.